கூகுள் வழியா வந்தா மட்டும் சூதாட்டப் பக்கத்துக்குப் போகுது, என்ன பண்ணலாம்?

மரச்சட்டம்:
சின்ன அளவுல மரச்சாமான் செய்யுற தொழில். வேர்ட்பிரஸ்ல ஒரு வெப்சைட் இருக்கு, தெரிஞ்சவர் செஞ்சு கொடுத்தது. பொருட்களோட படம், விலை விசாரிக்க ஒரு ஃபார்ம், அவ்வளவுதான். ஆன்லைன்ல பணம் வாங்குறதில்ல.

இப்போ சில வாடிக்கையாளர்கள் போன் பண்ணி, கூகுள்ல தேடி கிளிக் பண்ணினா ஏதோ சூதாட்டப் பக்கம் வருதுன்னு சொல்றாங்க. நான் முகவரியை டைப் பண்ணிப் பார்த்தா ஒழுங்காத்தான் திறக்குது. செஞ்சு கொடுத்தவரும் பார்த்துட்டு, "சைட் சரியா இருக்கு, அவங்க போன்லதான் வைரஸ்"ங்கிறார்.

என் சைட்ல திருட என்ன இருக்குன்னே புரியல. எச்டிடிபிஎஸ் இருக்கு, பூட்டுப் படம் கூட வருது. நல்ல செக்யூரிட்டி பிளக்இன் ஒண்ணு காசு கொடுத்து வாங்கிப் போட்டா சரியாயிடுமா? எதுன்னு சொன்னா போதும்.

நிழல்வெயில்:
வேர்ட்ஃபென்ஸ் போடுங்க ப்ரோ, இலவசமாவே கிடைக்குது. ஸ்கேன் பண்ணி சிவப்பா காட்டுறதை டெலிட் பண்ணிடுங்க. முடிஞ்சது.

பழையசர்வர்:
முடியாது தம்பி. ஸ்கேன் தப்பில்ல, ஆனா அது அப்புறம். திருடன் உள்ள உக்காந்திருக்கும்போது வாசல்ல காவலாளி போடுற கதை அது. அந்த பிளக்இன் ஓடுறதும் அதே சர்வர்லதான். உள்ள இருக்குறவன் அதையே அணைச்சுட்டுப் போயிடுவான்.

மரச்சட்டம் சார், உங்க வாடிக்கையாளர் போன்ல வைரஸ் இல்லைன்னுதான் நான் சொல்வேன். ஹேக் ஆன சைட்டுகளை சுத்தம் பண்றதுதான் என் வேலை, இந்த வகை அடிக்கடி வரும். வர்றவர் கூகுள்ல இருந்து வர்றாரா, போன்லயா, அட்மினா லாகின் ஆகியிருக்காரான்னு ஹேக்கர் உங்க சைட்டுக்குள்ள வச்ச ப்ரோகிராம் பார்க்கும். முதலாளி கண்ணுல படாம இருக்கத்தான் இந்த ஏற்பாடு. நீங்க லாக்அவுட் பண்ணிட்டு, போன்ல வைஃபையை அணைச்சு, இன்காக்னிட்டோல கூகுள்ல தேடி உங்க சைட்டைக் கிளிக் பண்ணுங்க. அப்புறம் கூகுள்ல ஆங்கிலத்துல "சைட்"னு அடிச்சு, ஒரு கோலன் வச்சு, இடைவெளி விடாம உங்க டொமைன் பேரைப் போடுங்க. நீங்க எழுதாத பக்கங்கள் வரிசையா வந்தா சந்தேகமே வேண்டாம்.

திருட என்ன இருக்குன்னு கேட்டீங்க. உங்க பேருதான். கூகுள் உங்க டொமைனை நம்புது, உங்க சர்வர்ல இருந்து மெயில் போகும், அவனுக்கு அது போதும். உங்களைத் தேர்ந்தெடுத்து யாரும் வரல. ஓட்டை எங்கேன்னு ராத்திரி பகலா தட்டிப் பார்க்கிறது பாட், அதாவது தானா ஓடுற ப்ரோகிராம். 2017 ஜனவரி 26ல வேர்ட்பிரஸ் 4.7.2 வந்துச்சு. அதுல ஒரு பெரிய ஓட்டையை அடைச்சிருந்தாங்க. எல்லாரும் அப்டேட் பண்ணட்டும்னு அதைப் பத்தி பிப்ரவரி 1 வரைக்கும் வாயே திறக்கல. திறந்த சில நாள்ல அப்டேட் பண்ணாத சைட்டுகள்ல லட்சக்கணக்கான பக்கங்களை மாத்தி எழுதிட்டாங்க. 2020 செப்டம்பர்ல ஃபைல் மேனேஜர்ங்கிற பிளக்இன். ஏழு லட்சம் சைட்டுக்கு மேல அதைப் போட்டிருந்தாங்க. பாஸ்வேர்டே இல்லாம எவனும் அதுவழியா ஃபைல் ஏத்தலாம்ங்கிற நிலை. இதுல சின்னத் தொழில், பெரிய தொழில்னு யாரும் பார்க்கல.

பூட்டுப் படம் வேற விஷயம். வாடிக்கையாளருக்கும் சர்வருக்கும் நடுவுல யாரும் ஒட்டுக் கேட்காம பார்த்துக்கும். சர்வருக்குள்ள யார் இருக்கான்னு அதுக்குத் தெரியாது.

இப்போதைக்கு எதையும் அழிக்காதீங்க. ஃபைல், டேட்டாபேஸ், ஹோஸ்டிங்ல இருக்கிற அக்சஸ் லாக் (யார் எப்போ எதைத் திறந்தாங்கங்கிற பதிவு) எல்லாத்தையும் முதல்ல உங்க கம்ப்யூட்டருக்கு இறக்குங்க. லாக் சீக்கிரம் அழிஞ்சுடும், அது போச்சுன்னா எந்த வழியா வந்தான்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம். அப்புறம் செஞ்சு கொடுத்தவரைக் கேளுங்க: சைட்டோட தோற்றத்தைத் தர்ற தீம் எங்க வாங்கினது? காசு கொடுத்து வாங்க வேண்டியதை "இலவசமா" எங்கேயாவது இறக்கினாரா?

மரச்சட்டம்:
ரொம்ப நன்றிங்க. போன்ல பார்த்தேன், எனக்கும் சூதாட்டப் பக்கம்தான் வருது! தீம் ஏதோ இலவச டவுன்லோட் சைட்ல எடுத்ததாம். "எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க"ங்கிறார். யூசர்ஸ் பட்டியல்ல தெரியாத அட்மின் ஒருத்தர் இருக்கார். அப்லோட்ஸ் ஃபோல்டர்ல படங்களுக்கு நடுவுல ஒரு பிஎச்பி ஃபைல். ஹோஸ்டிங்காரங்க போன மாச பேக்அப் இருக்கு, போட்டுத் தரவான்னு கேக்குறாங்க. சரின்னு சொல்லவா?

பழையசர்வர்:
இன்னும் சொல்லாதீங்க. போன மாசமே அவன் உள்ள இருந்திருக்கலாம். பிஎச்பி ஃபைல்னா படம் இல்ல, சர்வர்ல ஓடுற ப்ரோகிராம். அதோட தேதியை நம்பாதீங்க, இஷ்டத்துக்கு மாத்தலாம். லாக்ல அந்த ஃபைல் பேரைத் தேடி, முதல்ல எப்போ கூப்பிட்டிருக்காங்கன்னு பாருங்க. அதுக்கும் முந்தின பேக்அப்பா இருந்தாலும் அதே தீம் அதோட திரும்பி வரும், ரெண்டே நாள்ல மறுபடி இதே கதை. தீம்தான் வழின்னு லாக் பார்க்காம அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஆனா அது போயே ஆகணும்.

உங்க சைட் சின்னது, அதனால புதுசா கட்டுறதே மேல். வேர்ட்பிரஸ், தீம், பிளக்இன் எல்லாம் அதிகாரபூர்வ இடத்துல இருந்து புதுசா இறக்குங்க. பழசுல இருந்து எழுத்தும் படமும் மட்டும் வரட்டும். டேட்டாபேஸை அப்படியே கொண்டு வந்தீங்கன்னா அந்த அட்மினும் கூடவே வருவார், பார்த்துக்கோங்க. தேவையில்லாத பிளக்இனை டிஆக்டிவேட் பண்ணினா பத்தாது, ஃபைல் சர்வர்லயே கிடக்கும்; டெலிட் பண்ணுங்க. அப்லோட்ஸ் ஃபோல்டர்ல பிஎச்பி ஓடவே கூடாதுன்னு ஹோஸ்டிங்காரங்ககிட்ட ஒரு விதி போடச் சொல்லுங்க. அதே அக்கவுண்ட்ல பழைய டெஸ்ட் சைட் ஏதாவது மறந்து கிடக்கான்னும் பாருங்க, அதுவழியா திரும்பி வர்றதைப் பார்த்திருக்கேன்.

பாஸ்வேர்டு எல்லாம் மாத்தணும்: ஹோஸ்டிங், டேட்டாபேஸ், ஃபைல் ஏத்துற எஃப்டிபி, அட்மின், அதோட இந்த அக்கவுண்டுகளுக்குக் கொடுத்திருக்கிற மெயிலும். வேர்ட்பிரஸோட கான்ஃபிக் ஃபைல்ல சால்ட்னு எட்டு வரி ரகசிய எழுத்துகள் இருக்கும், அதையும் மாத்தினா ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கிறவன் எல்லாம் வெளிய வந்துடுவான். இதை நிறைய பேர் விட்டுடுறாங்க. எல்லாம் முடிஞ்ச பிறகு, சைட் ஓனர்களுக்குன்னு கூகுள் வச்சிருக்கிற சர்ச் கன்சோல் போய், ஓனர் பட்டியல்ல தெரியாத ஆள் இருந்தா நீக்கிட்டு, எச்சரிக்கை ஏதாவது இருந்தா மறுபரிசீலனை கேளுங்க.

அப்டேட்டை ஆட்டோல விடுங்க. 2020ல வந்த 5.5ல இருந்து ஒவ்வொரு பிளக்இனுக்கும் தனித்தனியா அந்த வசதி இருக்கு. அட்மினுக்கு டூ ஃபேக்டர், அதாவது பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு சரிபார்ப்பு. பேக்அப் அந்த சர்வருக்கு வெளிய ஒரு இடத்துல.

நிழல்வெயில்:
ஆட்டோ அப்டேட் போட்டா சைட் உடையுமே அண்ணா. எனக்கு ஒரு தடவை மொத்தமா வெள்ளைப் பக்கம் வந்துச்சு.

பழையசர்வர்:
உடையும்தான். உடைஞ்சா அன்னைக்கே தெரியும், பேக்அப் போட்டுக்கலாம். ஹேக் ஆனதை வாடிக்கையாளர் போன் பண்ணித்தான் இவருக்கே தெரிஞ்சுது. பத்து பிளக்இன் வச்சுக்காம மூணோட நிறுத்தினா உடையறதும் குறையும்.

மரச்சட்டம் சார், ஒண்ணு விட்டுட்டேன். டொமைனும் ஹோஸ்டிங்கும் யார் மெயில்ல பதிவாகியிருக்கு?

மரச்சட்டம்:
ரெண்டும் செஞ்சு கொடுத்தவர் மெயில்லதான் இருக்குங்க. ஒவ்வொரு வருஷமும் அவர்தான் புதுப்பிச்சுட்டு பணம் வாங்கிப்பார்.

பழையசர்வர்:
அப்போ சைட்டைத் தொடுறதுக்கு முன்னாடி அதை முடிங்க. சண்டை போடாம, "கணக்கு வழக்குக்கு என் பேர்ல வேணும்"னு கேட்டு டொமைனை உங்க அக்கவுண்டுக்கு மாத்தி வாங்குங்க. டொமைனை வேற யாரும் நகர்த்தாதபடி டிரான்ஸ்ஃபர் லாக் போட்டு, அந்த அக்கவுண்டுக்கும் டூ ஃபேக்டர் வைங்க. சைட் போனா ஒரு வாரத்துல திரும்பக் கட்டித் தரலாம். டொமைன் அவர் கையில இருக்கிற வரைக்கும் நான் சொன்னது எதுவும் உங்களால முழுசா செய்ய முடியாது. லாக்ல ஏதாவது புரியலன்னா அந்த வரியை இங்க போடுங்க, ஐபி முகவரியை மட்டும் மறைச்சுடுங்க.