அரியமான் மணலில் என் கார் அடங்கிப்போச்சு, மச்சான் ஜிம்னி மட்டும் எப்படி ஏறியது?

உச்சிப்புளிக்காரன்:
போன ஞாயிறு அரியமான் கடற்கரை. சவுக்குத் தோப்பைத் தாண்டிப் பத்தடி விட்டிருப்பேன், முன்சக்கரம் புதைந்துவிட்டது. என்னுடையது முன்சக்கரம் இழுக்கிற சின்ன கார். ஆக்சிலரேட்டரை மிதித்தால் மீட்டரில் மஞ்சள் விளக்கு சிமிட்டுகிறது, இஞ்சின் தொண்டை அடைத்தது மாதிரி இறங்கிப்போகிறது. வண்டி அசையவில்லை. அதே மணலில் மச்சானின் ஜிம்னி (மாருதியின் குட்டி ஜீப்), கர்ர் கர்ரென்று பிரேக் சத்தத்தோடு ஊர்ந்து வெளியே வந்துவிட்டது. கடைசியில் கரைவலை இழுத்தவர்கள்தான் என் காரைத் தள்ளிவிட்டார்கள். (வலையைவிட லேசாம். மானமே போச்சு.) இரண்டிலும் இருப்பது டிராக்‌ஷன் கண்ட்ரோல்தானே?

பாம்பன் டிரைவர்:
பேர் ஒன்று, குணம் வேறு தம்பி. ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது) சென்சார் ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் பார்க்கும். ஒன்று சும்மா சுற்றினால் இஞ்சினை அடக்கும், அல்லது அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். உங்கள் கார் ஈரத் தார்ரோட்டை நினைத்துச் செய்தது. இஞ்சினைத்தான் முதலில் அடக்கும். மணலில் சக்கரம் கொஞ்சம் சுற்றியே ஆகவேண்டும், ஓட்டம் நின்றால் புதைந்தோம். ஜிம்னி சுற்றுகிற சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்து, டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) வழியாக இழுவையை எதிர்ப்பக்கம் தள்ளும். போதாததற்கு நாலு சக்கரமும் இழுக்கும்.

2017இல் அரிச்சல்முனைக்கு ரோடு வரும்வரை தனுஷ்கோடிக்கு வேன் ஓட்டினேன். அதில் ஒரு கண்ட்ரோலும் கிடையாது. டயர் காற்றை இறக்குவோம், முன்னால் போன தடத்தை விடமாட்டோம், நடுவில் கியர் மாற்றமாட்டோம்.

தொண்டி வாசி:
என்னுடையது மின்சாரக் கார். மோட்டாரே சட்டென்று குறைத்துக்கொள்ளும், மழையில் குலுங்குவதே தெரியாது. மணலில் மட்டும் அதே கதைதான், மிதித்தாலும் சும்மா நிற்கும்.

உச்சிப்புளிக்காரன்:
கியர் பக்கத்தில் கார் சறுக்குகிற படம் போட்ட பட்டன் இருக்கிறது. அமுக்கினால் போதுமா அண்ணே?

பாம்பன் டிரைவர்:
பல வண்டிகளில் ஒரு தட்டில் டிராக்‌ஷன் மட்டும் அணையும், அமுக்கிப் பிடித்தால் வளைவில் வண்டி சறுக்காமல் பிடிக்கிற இஎஸ்பியும் போய்விடும். வண்டிக்கு வண்டி மாறும், கூட வந்த புத்தகத்தைப் பாருங்கள். அணைத்துவிட்டு அழுத்தி மிதிக்காதீர்கள், குழிதான் தோண்டும். காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்குங்கள். ரோடு ஏறுமுன் காற்றடித்து, பட்டனையும் திரும்பப் போட்டுவிடுங்கள்.

உச்சிப்புளிக்காரன்:
சரி அண்ணே. மச்சானுக்குத் தெரியாமல் இந்த ஞாயிறு போய்ப் பார்க்கிறேன்.

பாம்பன் டிரைவர்:
கரைவலை இழுக்கிற நேரமாகப் பார்த்துப் போங்கள்.