12 மணி நேர வகுப்பு கத்தியைத் தடுக்குமா?

குமரன்_16:
நிலாமகள் நேற்றுப் போட்ட பதிவைப் படித்ததிலிருந்து எரிச்சல். கனடாவின் பூர்வகுடிப் பெண்களை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய் மூன்று நாள் தங்கவைப்பார்களாம். காலையில் தற்காப்புப் பயிற்சி, மாலையில் வியர்வைக் குடில் (சூடான கல்லில் நீரூற்றி ஆவியில் உட்காரும் சடங்காம்), அப்புறம் வட்டமாக உட்கார்ந்து அழுகை. 12 மணி நேர வகுப்பில் ஆபத்து பாதியாகக் குறையுமாம்! நான் 9 வருடமாக மேற்குக் கனடாவில் பிரின்ஸ் ஜோர்ஜிலிருந்து பிரின்ஸ் ரூபர்ட்டுக்கு லொறி ஓட்டுகிறேன். 16ஆம் நெடுஞ்சாலை, 700 கிலோமீட்டருக்கு மேல். பூர்வகுடிப் பெண்கள் பலர் காணாமல்போனதும் கொலையானதும் அந்தச் சாலையில்தான். அதற்குக் கண்ணீர் நெடுஞ்சாலை என்று ஏன் பேர் வந்தது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மழையில் கைகாட்டி நிற்கிற பிள்ளைக்கு வேண்டியது பஸ், குங்ஃபூ அல்ல. பஸ் விடுங்கள் என்று 2006இல் கேட்டார்கள். வந்தது 2017இல். அதைப் பற்றி எழுதுங்களேன்.

நிலாமகள்:
குமரன் அண்ணை, முகாமுக்குப் போனால் பாதியாகும் என்று நான் எழுதவே இல்லை. விண்ட்சர் பல்கலைக்கழகத்தின் சார்லீன் சென் வடிவமைத்த பயிற்சியைப் பற்றிச் சொன்னேன். மூன்று பல்கலைக்கழகங்கள், 893 மாணவிகள். ஒரு வருடத்துக்குள் வன்புணர்வுக்கு ஆளானவர்கள், பயிற்சி எடுத்த குழுவில் 5.2 விழுக்காடு, துண்டுப் பிரசுரம் மட்டும் கிடைத்த குழுவில் 9.8. முடிவுகள் 2015இல் வெளிவந்தன. அந்த 12 மணி நேரம் நான்கு பகுதிகள். அடி உதை அதில் ஒரு பங்குதான். மீதி, ஆபத்தை முன்கூட்டியே உணர்வதும், தெரிந்த ஆளிடம் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவதும்.

குமரன்_16:
12 மணி நேரம். ஐஸ் படிந்த ரோட்டில் லொறியை நிறுத்தப் பழகவே எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் பிடித்தது. அந்த 893 பேரும் முதலாம் ஆண்டு மாணவிகள். அதில் பூர்வகுடிப் பெண்கள் எத்தனை பேர்? எண்ணைச் சொல்லுங்கள்.

கராத்தே_ரவி:
குமரன் சொல்வது சரி. ஸ்காபரோவில் 22 வருடமாக வகுப்பு நடத்துகிறேன். 12 மணி நேரத்தில் என் மாணவர்களுக்கு ஒழுங்காக நிற்கக்கூட வராது. இப்படி அரைகுறையாகக் கற்றுக்கொடுப்பது ஆபத்து. விருப்பமுள்ளவர்கள் தனிமடலில் வாருங்கள், முதல் மாதம் கட்டணமில்லை.

நிலாமகள்:
ரவி அண்ணா, இது பட்டி கட்டுகிற கலை அல்ல. டொரோண்டோவில் 1972இல் பெண்களுக்காகத் தொடங்கிய வெண்டோ என்ற தற்காப்பு முறையிலிருந்து எடுத்தது. விளம்பரத்துக்கு வேறு பகுதி இருக்கிறது.

பழைய_வாசகன்:
ஒரு சின்னத் திருத்தம். பூர்வகுடி, பழங்குடி, முதற்குடி, ஆதிக்குடி என்று இந்தத் தளத்தில் ஆளுக்கொரு சொல். நாங்கள் பள்ளியில் செவ்விந்தியர் என்றுதான் படித்தோம். யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

நிலாமகள்:
தோல் நிறத்தையும் கொலம்பஸின் தவறையும் ஒட்டிச் செய்த சொல் அது ஐயா. இங்கே முதற்குடிகள், மெட்டி, இனுயிட் என்று மூன்று பிரிவினர். மூவருக்கும் சேர்த்துத்தான் பூர்வகுடி என்கிறோம்.

பழைய_வாசகன்:
கொலம்பஸ் செய்த தவறுக்குத் தமிழ் என்ன செய்யும்?

சென்னை_சேது:
ஒரு உண்மையைச் சொன்னால் கோபப்படாதீர்கள். துப்புத் துலங்கிய பூர்வகுடிப் பெண் கொலைகளில் 70 விழுக்காடு அவர்கள் இன ஆண்களே செய்தது என்று 2015இல் கனடா அமைச்சரே சொன்னார், போலீஸ் தலைவரும் ஆமாம் என்றார். வீட்டுக்குள் இருக்கிற ஆபத்துக்கு ஏரிக்கரையில் முகாம் எதற்கு?

நிலாமகள்:
அந்த 70க்கு ஆதாரமில்லை என்று 2019இல், காணாமல்போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்கள் பற்றிய தேசிய விசாரணை ஆணையத்தின் அறிக்கை மறுத்துவிட்டது. 231 நீதிக் கோரிக்கைகள் உள்ள அறிக்கை, ஒன்றையாவது படித்தீர்களா? அமெரிக்காவில் 2016இல் வந்த அரசு ஆய்வில், வன்முறைக்கு ஆளான பூர்வகுடிப் பெண்களில் 97 விழுக்காட்டினரை வேற்றினத்தவர் ஒருவராவது தாக்கியிருக்கிறார். அப்படித் தாக்கும் வெளியாளைப் பூர்வகுடி நீதிமன்றம் தண்டிக்க முடியாது என்று அங்கே உச்ச நீதிமன்றம் 1978இலேயே சொல்லிவிட்டது. 2013இலும் 2022இலும் சட்டம் மாற்றி, சில குற்றங்களுக்கு மட்டும் அந்த அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

குமரன்_16:
அமெரிக்காவுக்கு ஏன் ஓடுகிறீர்கள்? நான் கேட்டது 893இல் எத்தனை பேர் என்று. அப்புறம் அந்த வியர்வைக் குடில், இலைப் புகை. சாம்பிராணி போட்டால் குத்துக் காயம் ஆறுமா?

நிலாமகள்:
சாம்பிராணி என்று நக்கலடிக்கிறீர்கள். 1884இல் கனடா, பூர்வகுடிகளுக்கென்று வைத்திருந்த 'இந்தியர் சட்டத்தை'த் திருத்தி, மேற்குக் கரைக் குடிகள் விருந்து வைத்துப் பொருள்களை வாரி வழங்கும் போட்லாட்ச் சடங்கைத் தடை செய்தது. பிறகு சமவெளி மக்களின் ஆட்டங்களையும் சேர்த்தார்கள். சட்டத்திலிருந்து அந்தத் தடை போனது 1951இல்தான். பாட்டிகள் ஒளித்து ஒளித்துச் செய்ததைப் பேத்திகள் இன்று வெளிச்சத்தில் செய்கிறார்கள்.

வினிபெக் பக்கம் ஒரு முகாமில் நான் சமையலறைத் தொண்டராக இருந்தேன். முதல் நாள் மதியம் முழுக்க ஒரே பயிற்சி: எதிரே நிற்பவரைப் பார்த்து "வேண்டாம்" என்று உரக்கச் சொல்வது. ஐம்பது வயதுக்காரி ஒருவருக்குக் குரலே எழவில்லை. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. மூத்த பெண் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சேஜ் இலையைக் கொளுத்திப் புகையைக் கையால் அள்ளி முகத்தில் ஏந்தச் சொன்னார். மூன்றாம் நாள் காலை அவர் கத்தியதில் நான் சூப் கரண்டியைக் கீழே போட்டேன். அன்று மாலை ஒஜிப்வே குடிப் பெண்கள், தகரக் கூம்புகள் தைத்துக் கலகலக்கும் மணிச் சட்டை போட்டு ஆடினார்கள். முன்பெல்லாம் புகையிலை டப்பா மூடியைச் சுருட்டித்தான் அந்தக் கூம்புகளைச் செய்வார்களாம். நோய் தீர்க்கும் ஆட்டம் அது. காயம் ஆறுமா என்று கேட்டீர்களே, அந்த அம்மாவைக் கேளுங்கள்.

குமரன்_16:
நல்ல கதை. கதை எண் ஆகாது. 12 மணி நேரம், 893 பேர், அதில் எத்தனை?

சென்னை_சேது:
குமரன் சார், ஒரு சந்தேகம். அந்தச் சாலையில் கைகாட்டும் பெண்களை ஏற்றிப்போவது யார்? லாரிக்காரர்கள்தானே? நீங்கள் இவ்வளவு சூடாவது ஏன்?

குமரன்_16:
வாயை அளந்து பேசு தம்பி. ஒரு பெண்ணையும் நான் ஏற்றியதில்லை. கம்பெனிச் சட்டப்படி யாரையும் ஏற்றக் கூடாது. போன வருடம் குளிர்கால டயர் இழையிலும் நீ இப்படித்தான் லொறிக்காரரை இழுத்தாய். அப்போது மட்டுறுத்துநர் அழித்தது உன் பதிவைத்தான். மறந்துவிட்டதா?

சென்னை_சேது:
அழிந்தது உங்கள் பதிவும்தான்.

நிலாமகள்:
ஏற்றியதில்லை என்றால், மழையில் நின்ற பிள்ளையைப் பார்த்துவிட்டு அப்படியே போனீர்களா அண்ணை?

குமரன்_16:
பேச்சை மாற்ற வேண்டாம். பஸ் 2017இல் வந்தது. அதற்கு முன்பு 11 வருடம் எங்கே இருந்தார்கள் உங்கள் முகாம்காரர்கள்?

நிலாமகள்:
பஸ் கேட்டவர்களும் அதே பெண்கள்தான். நான் கேட்டது பஸ்ஸைப் பற்றி அல்ல.

கராத்தே_ரவி:
தனிமடல் பெட்டி நிரம்பிவிட்டது, இப்போது காலி செய்துவிட்டேன். மீண்டும் அனுப்பலாம்.

பழைய_வாசகன்:
லொறியா, லாரியா? இரண்டையும் ஒரே இழையில் பார்க்கக் கண் வலிக்கிறது.

குமரன்_16:
லொறிதான். நாளை விடியக் கிளம்புகிறேன். நான் திரும்பி வருவதற்குள் யாராவது அந்த எண்ணைச் சொல்லி வையுங்கள். 893இல் எத்தனை?

நிலாமகள்:
என் கேள்வியும் அங்கேயே நிற்கிறது அண்ணை.