நம்ம புளோக் தமிழ்க் குழு: எம்பியைப் பார்க்கப் போகலாமா?

*திங்கட்கிழமை*

*செல்வி, 9ஆம் மாடி (இரவு 8:10):* எல்லாருக்கும் வணக்கம். எங்கள் குளியலறைக்கு மேலே தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. சிமெண்டு பெயர்ந்து உள்ளே கம்பி தெரிகிறது. மேல்வீட்டில் எத்தனை தடவை தட்டினாலும் கதவைத் திறப்பதில்லை. எம்பியைப் போய்ப் பார்ப்போமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். யாராவது போயிருக்கிறீர்களா?

*மணி அண்ணே (8:14):* தயங்காமல் போம்மா. எம்பி நம்ம குறைகளை நேரில் கேட்கும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சி அதற்குத்தானே இருக்கிறது. 1955ல் டேவிட் மார்ஷல் முதலமைச்சராக இருந்தபோது ஆரம்பித்து வைத்தது, இன்றைக்கும் சிங்கப்பூரில் வாராவாரம் நடக்கிறது.

*ராஜா, 4ஆம் மாடி (8:21):* போகலாம் அக்கா, ஆனால் ஒரு கடிதம் எழுதித் தருவார்கள், அவ்வளவுதான். எங்கள் மாமா ஒரு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று போனார். மறுபடியும் இல்லை என்றுதான் பதில் வந்தது.

*கவிதா, 6ஆம் மாடி (8:35):* நான் அங்கே தொண்டூழியராகக் கடிதம் எழுதுகிறேன், அதனால் சொல்கிறேன். ராஜா சொல்வது சரிதான், எம்பியால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவகவுக்கோ மத்திய சேம நிதிக் கழகத்துக்கோ உத்தரவு போட முடியாது. அவர்கள் விதிப்படிதான் முடிவெடுப்பார்கள். நீதிமன்ற வழக்கிலும் தலையிட முடியாது. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் கட்டம்தான் இருக்கும், குடும்ப நிலைமையை எழுத இடம் இருக்காது. அந்த நிலைமையைக் கேட்டு எழுதி, உரிய அதிகாரி மேசைக்கு அனுப்பி, பதில் வாங்கித் தருவதுதான் எம்பியின் வேலை. அது சின்ன வேலை இல்லை ராஜா. மாமா போனபோது மருத்துவர் கடிதம் எடுத்துப் போனாரா?

*ராஜா (8:37):* இல்லை என்று நினைக்கிறேன். கேட்கிறேன்.

*கவிதா (8:44):* செல்விக்கா, உங்கள் விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மேல்வீட்டுத் தரையில் நீர் இறங்காமல் தடுக்கும் பூச்சு நாளாக ஆகத் தேய்ந்துவிடும். அதனால் வரும் கசிவைச் சரிசெய்வது மேல்வீடு, கீழ்வீடு இரண்டு பேரின் பொறுப்பு. வீவகவின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் செலவில் 50 விழுக்காட்டை வீவக ஏற்கும், மீதியை இரண்டு வீடும் ஆளுக்கு 25 விழுக்காடாகக் கட்ட வேண்டும். சொட்டுகிற இடத்தைப் படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே புகார் கொடுத்திருந்தால் அதன் எண்ணும் வேண்டும்.

*செல்வி (8:46):* நாங்களும் பணம் கட்ட வேண்டும் என்று எனக்கு இதுவரை தெரியாது. நல்லவேளை சொன்னாய்.

*புதன்கிழமை*

*செல்வி (இரவு 11:05):* இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். மக்கள் சந்திப்பு பாலர் பள்ளியில் நடந்தது. எங்களுக்கு முன்னால் நல்ல கூட்டம், பெரியவர்கள் எல்லாம் பிள்ளைகளுடைய குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தம்பி எல்லாவற்றையும் கேட்டுத் தட்டச்சு செய்து, வாசித்துக் காட்டி, "இது சரியா ஆன்டி?" என்று கேட்ட பிறகுதான் உள்ளே அனுப்பினார்.

*செல்வி (11:09):* எம்பி கசிவைப் பற்றிக் கேட்டுவிட்டு, வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்றார். மாமியாருக்கு 78 வயது, அந்த ஈரத்தில் ஒருமுறை வழுக்கி விழுந்தார் என்று சொன்னேன். எம்பி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எப்போது விழுந்தார், இப்போது எப்படிக் குளிக்கிறார், யார் பிடித்துக்கொள்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம் முதியோர் உள்ள வீடுகளுக்கான வீவகவின் ஈஸ் திட்டத்தில் கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தரையும் போட்டுத் தருவார்கள் என்று அந்தத் தம்பியிடம் சொல்லி, அங்கேயே விண்ணப்பிக்க வைத்தார். நான் அதைக் கேட்கப் போகவே இல்லை.

*மணி அண்ணே (11:12):* நல்ல மனுஷர்.

*கவிதா (11:20):* குடிமக்களுக்கு ஈஸில் 87.5 முதல் 95 விழுக்காடு வரை மானியம் உண்டு, வீட்டு வகையைப் பொறுத்தது. இந்தக் குழுவில் 65 வயது தாண்டியவர்கள் உள்ள வீடு நிறைய. தயவுசெய்து எல்லாரும் விசாரியுங்கள், யாராவது விழுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

*அடுத்த வாரம், ஞாயிறு*

*செல்வி (மாலை 6:40):* இன்று எம்பி நம்ம புளோக்கில் வீடு வீடாக வந்தபோது மேல்வீட்டுக் கதவையும் தட்டினார். திறந்தார்கள்! தனியாக இருக்கும் ஒரு தாத்தா. தரையை உடைத்தால் பெரிய பில் வரும் என்று பயந்துதான் இத்தனை நாள் திறக்கவில்லையாம். 25 விழுக்காடுதான் அவர் பங்கு என்று எம்பி சொன்னார். அதுவும் முடியாது என்றார் தாத்தா. அவருக்கென்று தனியாக ஒரு கடிதம் எழுதுகிறார்கள். நாங்கள் சண்டைக்காரர் என்று நினைத்தவர் இவர்.

*மணி அண்ணே (6:43):* ஐயோ பாவம். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார்? நம்மில் யாராவது கொடுக்கலாமே.

*செல்வி (6:44):* இன்றிரவு நான் கொடுக்கிறேன் அண்ணே. நாளைக்கு யார்?

*ராஜா (6:50):* நாளைக்கு நான். அப்புறம் கவிதாக்கா, மாமா மறுபடியும் வருகிறேன் என்கிறார், மருத்துவர் கடிதத்தோடு. 4ஆம் மாடி நடைபாதை விளக்கு எரியாததையும் அங்கேயே சொல்லலாமா?

*கவிதா (6:58):* விளக்கு, மின்தூக்கி எல்லாம் புளோக்கின் பொது இடங்களைப் பராமரிக்கும் நகர மன்றத்தின் வேலை ராஜா. அதை நடத்துவதே எம்பிதான், அங்கே நேராகவே செய்ய முடியும். புதன் வரை காத்திருக்காமல் இப்போதே நகர மன்றத்துக்கு ஃபோன் போடு. மாமாவை 7 மணிக்கே வந்து எண் எடுக்கச் சொல், அடையாள அட்டையும் பழைய பதில் கடிதமும் மறக்க வேண்டாம்.