ஏலத்தில் எடுத்த பழைய ரேசர்: இன்னும் உறுத்துவது எது?

மயிலாப்பூர் மீசை:

நானே தொடங்கிவிடுகிறேன். ஜில்லெட்டின் ஃபேட்பாய், டயலில் எண்ணைக் கூட்டினால் பிளேடு இடைவெளி விரிகிற ரேசர். அடியில் இ-3 முத்திரை, அதாவது 1959 மூன்றாம் காலாண்டு. படத்தில் அப்படி ஒரு பளபளப்பு. ‘பயன்படுத்தவே இல்லை’ என்று விற்றவர் எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் 1 டாலர் 95 சென்ட்டுக்குக் கடையில் கிடைத்த சாமான். அதற்கு 195 என்ற இன்னொரு பேரே அதனால் வந்ததுதான். நான் கொடுத்தது 140 டாலர். சுங்கவரி தனி.

வந்த அன்றைக்கே புது பிளேடு போட்டு, டயலை 1-ல் வைத்து, வலது கன்னத்தில் ஓர் இழுப்பு. கொஞ்சம் சுருக்கென்றது. பிளேடு புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது இழுப்பு தாடைக்குக் கீழே. கண்ணாடியில் பார்க்கிறேன், நுரை இளஞ்சிவப்பாக மாறிக்கொண்டிருக்கிறது. வலிகூட இல்லை. அந்த நுரைதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

துடைத்துவிட்டு விளக்கடியில் பிடித்துப் பார்த்தால், 1-ல் மயிரிழை அளவு இருக்க வேண்டிய இடைவெளி 7, 8-க்கு உரியதாக விரிந்து கிடக்கிறது. பூதக்கண்ணாடியில் ஜில்லெட் என்ற எழுத்துகளின் ஓரமெல்லாம் பழைய கோயில் படிக்கட்டு மாதிரி மழுங்கியிருந்தது. யாரோ பிரித்து, தேய்த்து, மறுமுலாம் பூசி, திரும்ப மாட்டும்போது டயலைப் பல் மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். விற்றவருக்கு எழுதினேன். பணம் திரும்பி வந்தது, அதில் குறையில்லை. ஆனால் கூடவே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘நீங்கள் அலமாரியில் வைக்கத்தான் வாங்குகிறீர்கள் என்று நினைத்தேன்.’

சவரம் செய்வதற்காக ரேசர் வாங்குகிறவன் அவருக்கு ஏதோ விநோதப் பிராணி போலிருக்கிறது.

டொராண்டோ சித்தப்பா:

என்னை யாரும் ஏமாற்றவில்லை. ஏமாற்றியது நான்.

ஒஹாயோவிலிருந்து ஓர் ஓல்ட் டைப், ஜில்லெட்டின் ஆரம்பகால ரேசர். முதல் உலகப் போர்க்காலத்து உருப்படி. 1918-ல் அமெரிக்க அரசு பட்டாளத்துக்காக 35 லட்சம் ரேசர் வாங்கியது, அதனால் இது அபூர்வமெல்லாம் கிடையாது, 20 டாலருக்குள் முடிந்துவிட்டது. விற்ற பெண்மணியின் தாத்தா போரிலிருந்து கொண்டுவந்ததாம். பிறகு அவருடைய அப்பா கைக்கு வந்திருக்கிறது.

பெட்டியைத் திறந்தேன். யாரும் கழுவவில்லை. பிளேடுக்கு அடியில் இருக்கும் சீப்புப் பற்களுக்கு நடுவே காய்ந்த சோப்பு, அதற்குள் குட்டிக் குட்டியாக நரைமுடி. கைப்பிடியில் நீளவாக்கில் ஒரு விரிசல். அதன் மேல் மெல்லிய செப்புக் கம்பியை இழையோடு இழை ஒட்டி, அவ்வளவு பொறுமையாகச் சுற்றியிருந்தார்கள்.

அந்த அம்மா அன்று இரவே செய்தி அனுப்பினார். ‘அப்பா ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையிலும் இதில்தான் சவரம் செய்தார். நீங்களும் செய்வீர்களா, இல்லை கண்ணாடிப் பெட்டியில் வைப்பீர்களா?’

‘தினமும் செய்வேன்’ என்று எழுதிவிட்டேன். செய்யவில்லை. விரிசல் ஒரு சாக்கு. அந்த முடியைக் கழுவ மனம் வரவில்லை, கழுவாமல் முகத்தில் வைக்கவும் முடியவில்லை. மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மூன்று வருஷமாகக் கிறிஸ்துமஸ் தவறாமல் ‘இன்னும் நன்றாக வெட்டுகிறதா?’ என்று கேட்கிறார். ‘பிரமாதம்’ என்கிறேன்.

பித்தளைப் பிரியன்:

மீசை, கோபித்துக்கொள்ளாதீர்கள். மறுமுலாம் பூசுவது பாவமில்லை, பூசியதைச் சொல்லாமல் விற்பதுதான் தப்பு. என்னிடம் இருக்கும் நல்ல ரேசர்களில் பாதி மறுமுலாம்தான். நிக்கல் உரிந்து பச்சை படிந்த பித்தளையை முகத்தில் தேய்ப்பதற்கு அது எவ்வளவோ மேல். அது போக, 140 டாலர் கொடுக்கும் முன்னால் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கலாமே? அந்தக் குற்றம் உங்களுடையது.

என் கதை சின்னது. ஜில்லெட் சூப்பர் ஸ்பீடு, கைப்பிடி முனையில் நீலப் பூச்சு உள்ளது. ராத்திரி முழுக்க வினிகரில் ஊறப்போட்டு, காலையில் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். நீலச் செதில்கள் மேலே மிதந்து வந்தன. நீலம் என்றால் மென்மையான தாடிக்கு, சிவப்பு என்றால் முரட்டுத் தாடிக்கு. என்னுடையது இப்போது எந்தத் தாடிக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. அவ்வளவுதான்.

அதனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதல் ரேசராக டயல் வைத்ததை வாங்காதீர்கள். ஜில்லெட்டின் டெக் வாங்குங்கள். மூடி, அடித்தட்டு, கைப்பிடி, மூன்றே உருப்படி. கெட்டுப்போக உள்ளே ஒன்றுமில்லை. அடியைத் திருகினால் பிளேடு மேலுள்ள கதவு விரிகிற வகைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், இரண்டு கதவும் ஒரே மட்டத்தில் மூடுகின்றனவா என்று நேரெதிரே வைத்து ஒரு படம் கேளுங்கள். கீழே விழுந்த ரேசரை அந்த ஒரு படம் காட்டிக்கொடுத்துவிடும். திறந்து மூடுகிற வீடியோவும் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். ‘சோதித்துப் பார்க்கவில்லை’ என்று எழுதியிருந்தால் சோதித்துப் பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். டயல் உள்ளதில் எண்ணை மாற்றும் முன் அடிக் குமிழை அரைச்சுற்றுத் தளர்த்துங்கள். இறுக்கமாக வைத்தே திருப்பிப் பாழாக்கியவர்கள் நிறையப் பேர். கழுவுவதற்கு வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் துலக்கும் சோப்பு, பழைய டூத் பிரஷ் போதும். அமெரிக்க ஜில்லெட்டில் முத்திரை எழுத்து டபிள்யூ என்றால் 1951, இசட் 1954, ஏ 1955, அங்கிருந்து எண்ணிக்கொண்டே போகலாம். பக்கத்து எண் காலாண்டு. இது தெரியாமல் ‘1940-களின் ஃபேட்பாய்’ என்று விளம்பரம் போடுகிறவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

டொராண்டோ, உங்களுக்கும் ஒன்று. அந்தக் கம்பியைப் பிரித்துவிட்டு, கைப்பிடிக் குழாய்க்குள் பித்தளைக் குச்சி விட்டு எபாக்சி வைத்து ஒட்டினால் விரிசல் நின்றுவிடும்.

டொராண்டோ சித்தப்பா:

கம்பியைப் பிரிக்கவா? நான் எழுதியதைப் படித்தீர்களா, இல்லையா?

கும்பகோணத்தான்:

பிரியன் அண்ணே, வினிகருக்கே இப்படி என்றால் எங்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள். ஜில்லெட் அரிஸ்டோக்ராட், தங்க முலாம் பூசிய ரேசர். மூன்று மாதம் ஏலம் ஏலமாகத் தோற்று நாலாவதில் கிடைத்தது. கொஞ்சம் மங்கல், ஆனால் முலாம் முழுசாக இருந்தது. குளியலறை அலமாரியில் வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கொல்லைப்பக்கம் போனால், துவைக்கிற கல் மேல் குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, பஞ்சபாத்திரம், உத்தரணி, கடைசியில் என் ரேசர். எல்லாம் வரிசையாக வெயிலில் காய்கின்றன. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறாள் அம்மா. ‘கறுத்துக் கிடந்துதுடா, விளக்கோட சேர்த்துத் துலக்கிட்டேன், பார், எப்படி இருக்கு!’ முகத்தில் அவ்வளவு திருப்தி.

‘அம்மா, அதுல இருந்தது தங்கம்’ என்றேன். எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ‘அதே நிறம்தானேடா இருக்கு?’

இதற்கு என்ன பதில் சொல்வது? தங்கம் போய்ப் பித்தளை வந்திருக்கிறது, நிறம் ஏறக்குறைய அதேதான். இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கோடு அதுவும் துலங்குகிறது. நான் தடுப்பதில்லை. வெட்டு என்னவோ முன்னைப் போலவேதான்.

சவரக்காரி:

மேலே எல்லாரும் தாடி, தாடி என்றே எழுதுகிறீர்கள். 1915-லேயே ஜில்லெட் பெண்களுக்கென்று மிலேடி டெகொலெட்டே என்ற ரேசரை விட்டுவிட்டது. நான் சேர்ப்பது அந்த மாதிரிதான். ஒன்று ஏலத்துக்கு வந்தது. பெட்டியின் உட்துணி அசலா, பிற்பாடு ஒட்டியதா என்று விற்றவரைக் கேட்டேன். ‘உங்கள் கணவரைக் கேட்கச் சொல்லுங்கள், அவருக்கு விளக்குகிறேன்’ என்று பதில்.

எனக்குக் கணவரே இல்லை. வாங்கினேன். துணி பிற்பாடு ஒட்டியதுதான்.

நல்லூரான்:

என்னுடையது ரோல்ஸ் ரேசர், அலகைத் தன் பெட்டிக்குள்ளேயே தீட்டிக்கொள்கிற வகை. வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அப்பப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். விடிய ஐந்தரைக்கு அவருடைய அறையிலிருந்து முதலில் கரக்-கரக் என்று வரும், அது கல். பிறகு சளக்-சளக் என்று வரும், அது தோல். ஒரு மூடியில் சாணைக்கல், மற்ற மூடியில் தோல்வார். பிடியைத் தள்ளித் தள்ளி இழுக்க உள்ளே அலகு புரண்டு புரண்டு தீட்டுப்படும். ஒரே அலகு, வருடக்கணக்காக. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் நாங்கள் தூக்கிக்கொண்டு போன சாமான்களுக்குள் அது இருக்கவில்லை.

போன வருடம் இங்கிலாந்திலிருந்து ஒன்று எடுப்பித்தேன். சவரத்துக்கு இல்லை, சத்தத்துக்குத்தான். பெட்டியைக் கையில் எடுக்கும்போதே உள்ளே கலகலத்தது. கல் மூன்று துண்டு. அலகின் வாயும் சிதைந்து போயிற்று. தோல் மூடியில் மட்டும் பிழையில்லை. சரி, இருக்கிறதைக் கேட்போம் என்று அந்தப் பக்கத்தைப் போட்டுத் தள்ளினேன். சளக்-சளக்.

அப்பா அடுத்த அறையில் படுத்திருந்தவர், எழும்பி வந்து வாசலில் நின்றார். ஒன்றும் கதைக்கவில்லை. நான் தள்ளிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, ‘மற்றப் பக்கம்?’ என்று கேட்டார்.

கல் மூடி தனியாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கோ.

பித்தளைப் பிரியன்:

நல்லூரான், தனி மூடி தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அந்தக் கம்பெனி 1927-ல் லண்டன் கிரிக்கில்வுட்டில் தொடங்கியது. பின்னாளில் சலவை இயந்திரம் விற்கப் போய் 1964-ல் திவாலானது, அதோடு உதிரிபாகத்தின் கதை முடிந்தது. தேய்ந்த அலகோடு மலிவாக ஒரு முழுப் பெட்டி எடுத்து அதன் மூடியை மாற்றுங்கள். அனுப்புகிறவரிடம் இரண்டு மூடியையும் கழற்றி, தனித்தனியாக அட்டை சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். மூடி மாட்டியபடி வந்தால் அலகு கல்லில் மோதி உடைப்பது வழக்கம்தான். முதலிலேயே என்னைக் கேட்டிருக்கலாம்.

(டொராண்டோ கோபித்துக்கொண்டார் என்று தெரிகிறது. கம்பி பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். எபாக்சி பற்றிச் சொன்னது சரிதான்.)

கடைசி நொடி:

ஜில்லெட் டாகிள். எஃப்-4, 1960 கடைசிக் காலாண்டு. அடியில் திருகு குமிழ் இல்லாமல் அந்தச் சின்ன நெம்புகோல் வைத்தது, தங்க முலாம். பதினொரு வருஷமாகத் தேடுகிறேன். வந்ததெல்லாம் ஒன்று என் சம்பளத்துக்கு மேல், இல்லை சாவு விலைக்கு வந்த உடைசல். இது இரண்டும் இல்லை. பெட்டியோடு.

ஏலம் முடிகிற நேரம் நமக்கு அதிகாலை 3.40. அலாரம் வைத்து எழுந்து, இருட்டில் உட்கார்ந்திருந்தேன். 6 நொடி இருக்கும்போது நான்தான் முன்னால். திரை ஒரு தடவை மங்கித் தெளிந்தது. 2 டாலர் 50 சென்ட் வித்தியாசத்தில் கைநழுவிப் போய்விட்டது. தண்ணீர் குடிக்க எழுந்த மனைவி என் முகத்தைப் பார்த்துப் பதறி, ‘யாருக்கு என்ன ஆச்சு?’ என்றாள். ஊரில் யாரோ போய்விட்டதாகத் தகவல் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டாள். ரேசர் என்று அப்போது அவளிடம் சொல்ல முடியவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

எடுத்தவர் பணம் கட்டாவிட்டால் எனக்குத் தாருங்கள் என்று விற்றவருக்கு எழுதினேன். ‘கட்டிவிட்டார், அவரும் உங்கள் ஊர்ப்பக்கம்தான், சென்னை’ என்றார். அதுதான் தாங்கவில்லை. ஜப்பானுக்குப் போயிருந்தால்கூட ஆறியிருக்கும்.

மயிலாப்பூர் மீசை:

தீபாவளிக்கு முந்தின வாரமா? பெட்டியின் இடது மூலையில் மஞ்சள் டேப் ஒட்டியிருந்ததா?

கடைசி நொடி:

ஆமாம்.

மயிலாப்பூர் மீசை:

நான்தான். ஃபேட்பாய் பணம் திரும்பி வந்ததல்லவா, அதோடு கொஞ்சம் போட்டு எடுத்தேன். நீங்கள் தப்பித்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. நெம்புகோல் பாதியில் நின்றுவிடுகிறது, கதவு முழுக்கத் திறப்பதில்லை, பிளேடு உள்ளே போக மாட்டேன் என்கிறது. படத்தில் தெரியவில்லை. வீடியோ கேட்கவும் மறந்துவிட்டேன், பிரியன் திட்ட வேண்டாம்.

கடைசி நொடி:

அப்படியானால் அதை அலமாரியில்தான் வைத்திருக்கிறீர்களா அண்ணா?