குறும்பட டீசரில் எதைக் காட்டுவது, எதை விட்டுவிடுவது?

பெஸ்தாரி ஜெயா வாசி:
வணக்கம். மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், பழைய பெயரில் சொன்னால் பத்தாங் பெர்ஜுந்தையில் இருக்கிறேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய (மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்த) கடைசித் தலைமுறையைப் பற்றி நானும் நண்பர்களும் இருபது நிமிடக் குறும்படம் எடுத்திருக்கிறோம். அதற்குத் தொகுத்த ஒன்றரை நிமிட டீசரைக் கோயில் மண்டபத்தில் போட்டபோது, பாட்டி பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் வாசிக்கும் கூட்டத்துக்கு) போவதும், தோட்டம் கைமாறுவதும், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் இடிபடுவதும் வரிசையாக வந்து முடிந்தன. படம் எப்போது வரும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மக்களை இழுக்கும் டீசரில் அப்படி என்னதான் இருக்கிறது?

படத்தொகுப்பு செய்பவன்:
தம்பி, நீங்கள் காட்டியது கதைச்சுருக்கம். முழுக்கதையும் தெரிந்துவிட்டால், மீதியைப் பார்க்க எதற்கு வரவேண்டும்? ‘விக்ரம்’ படத்தின் தலைப்பு டீசர் 2020 நவம்பர் 7 அன்று, படப்பிடிப்பு தொடங்குமுன்பே வந்தது. படமோ 2022 ஜூன் 3இல்தான் வெளியானது. விருந்துக்குச் சமைத்துக்கொண்டே ஒரு மனிதர் வீட்டுக்குள் ஆயுதங்களை ஒளித்துவைக்கிறார். ஏன் என்று சொல்லாததால்தான் அந்தக் காட்சி மனத்தில் தங்கியது. டிரெய்லருக்குக் கதையின் போக்கைச் சொல்லும் வேலை உண்டு, டீசருக்கு ஒரே ஒரு கேள்வி போதும்.

தோட்டத்து மகள்:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் கேள்வி மட்டும் போதாது. அது நம்முடைய கேள்வியாக இருக்கவேண்டும். 2016 மே 1 அன்று ‘கபாலி’ டீசர் வந்தபோது, முப்பது ஆண்டுகள் பால் வெட்டிய என் அப்பா அதை என் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். ரஜினிகாந்த் ஒரு காரணம்தான். மலேசியத் தமிழனின் கதை பெரிய திரைக்கு வருகிறது என்பது அவருக்கு அதைவிடப் பெரிது.
இசையை எடுத்துவிட்டுப் பாருங்கள். விடியாத இருட்டு, நெற்றி விளக்கின் வெளிச்சம், பட்டையில் கத்தி இறங்கும் ஓசை, பால் பிடிக்கும் மங்கு நிமிர்த்தி வைக்கப்படும் சத்தம். பிறகு பெரட்டில் கிராணி (தோட்டத்து எழுத்தர்) பெயர் வாசிக்கட்டும். ஒரு பெயருக்குப் பதில் வராமல் போகட்டும். அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பெஸ்தாரி ஜெயா வாசி:
அக்கா, அப்படியே தொகுத்தேன், நாற்பது நொடிதான் வந்தது. அத்தையிடம் காட்டினேன், “யார் அது வராதது?” என்று கேட்டார். படத்தின் பெயரை அந்த அமைதிக்கு முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா?

படத்தொகுப்பு செய்பவன்:
பின்னால் போடுங்கள். இடையில் மூன்று நொடி இருட்டாகவே இருக்கட்டும்.