ஹெச்.டி.யில் எடிட் பண்ண கல்யாண வீடியோ: டிவிடிக்கு எந்த என்கோடர் (வீடியோவைச் சுருக்கி மாத்துற சாஃப்ட்வேர்)?

வண்ணாரப்பேட்டை_கேம்
1 மணி 40 நிமிஷ வீடியோ. கேம்கார்டர் 1080ஐ, 50 ஃபீல்டு. நலங்கு மட்டும் போன்ல எடுத்தது, 30 ஃபிரேம். எடிட் முடிச்சு ஹெச்.264 எம்பி4-ஆ எடுத்து, டிவிடி மேக்கர்ல போட்டு எழுதினேன். கம்ப்யூட்டர்ல எம்பி4 பளிச்னு இருக்கு. பிளேயர்ல போட்டா அட்சதை போடுற இடத்துல கட்டம் கட்டமா உடையுது, கை அசைஞ்சா கோடு விழுது, முகமெல்லாம் ஒல்லியா நீளமா தெரியுது, கடைசியில ரிசப்ஷன் வர்றப்ப சிக்கி நின்னுடுது. திருவொற்றியூர் பெரியப்பா வீட்டுல டிவிடிதான் வேணுமாம். எந்த என்கோடர் போட்டா சரியாகும்?

ராயபுரம்_ரெண்டர்
என்கோடர் மேல பழி போடாதீங்க. நாலு கோளாறு, நாலுக்கும் வேற வேற காரணம்.

கோடுதான் பெரிய விஷயம். 1080ஐ-ல ஒவ்வொரு ஃபிரேம்லயும் வேற வேற நேரத்துல எடுத்த ரெண்டு ஃபீல்டு (ஒரு வரி விட்டு ஒரு வரி இருக்கிற பாதிப் படம்) பின்னிக்கிடக்கு. அதைப் பிரிக்காம அப்படியே டிவிடியோட 576 வரிக்குச் சுருக்கினா ரெண்டும் குழம்பிடும். எழுதின டிவிடியை வி.எல்.சி. பிளேயர்ல போட்டு, டீஇன்டர்லேஸை (ஃபீல்டைச் சேர்த்து முழு ஃபிரேமாக்குறதை) ஆஃப் பண்ணிட்டு, மாலை மாத்துற இடத்துல பாஸ் பண்ணிப் பாருங்க. விரல் ஓரத்துல சீப்புப் பல் மாதிரி ஒத்தை வரிக் கோடு சீரா இருந்தா பயப்படாதீங்க, டிவியில அது தெரியாது. மூணு நாலு வரி தடிமனா, மங்கலா பட்டை விழுந்தா சுருக்கினதுலதான் தப்பு.

அதனால ஹெச்.264-ஐ நடுவுல கொண்டு வராதீங்க. டைம்லைன்ல இருந்து டிஎன்எக்ஸ்ஹெச்டி 120-ல (தரம் குறையாத எடிட்டிங் ஃபார்மட், நொடிக்கு 120 மெகாபிட்) 1080ஐ-யாவே எடுங்க. 90 ஜிபி ஆகும், வேலை முடிஞ்சதும் அழிச்சிடலாம். அதை அவிசிந்த்ல (ஸ்கிரிப்ட் எழுதி வீடியோவை மாத்துற சாஃப்ட்வேர்) க்யூடிஜிஎம்சிங்கிற டீஇன்டர்லேஸ் ஸ்கிரிப்ட் போட்டு நொடிக்கு 50 முழு ஃபிரேமாக்கி, 720 × 576-க்குச் சுருக்கி, மறுபடி ஃபீல்டாப் பின்னணும் (அதுக்கான அவிசிந்த் கட்டளை செலக்ட்எவ்ரி 4, 0, 3). ஃபீல்டு ஆர்டர் மேல் ஃபீல்டு முதல். பழைய மினி-டிவி (DV) கேம்கார்டர் டேப்புன்னாதான் கீழ் ஃபீல்டு முதல். மாத்திக் கொடுத்தா ஊர்வலமே முன்னாடி ரெண்டு அடி, பின்னாடி ஒரு அடின்னு தள்ளாடும்.

என்கோடர்னா, அவிசிந்த் பழக்கம் இருந்தா ஹெச்சிஎன்க், இலவசம். ஸ்கிரிப்ட் தொந்தரவு வேணாம்னா டிஎம்பிஜிஎன்க். எதுவானாலும் எம்பெக்-2, ஜிஓபி 15 (15 ஃபிரேமுக்கு ஒரு முழுப் படம்), ரெண்டு பாஸ் விபிஆர் (ரெண்டு தடவை ஓடி, தேவைக்கேத்த மாதிரி பிட்டைப் பங்கு போடுறது).

பிட்ரேட் கணக்கு: டிஸ்க் 4.7 ஜிபி, அதாவது 37,600 மெகாபிட். உங்க 6,000 நொடியால வகுத்தா நொடிக்கு சுமார் 6.27 மெகாபிட் வருது. ஆடியோ, மெனு, கொஞ்சம் இடைவெளி விட்டு வீடியோவுக்கு சராசரி 5,600 கிலோபிட், உச்சம் 8,000 வைங்க. டிவிடி வரம்பு 9,800-தான், ஆனா பழைய பிளேயர் அதுக்கு முன்னாடியே திணறும். அட்சதை, சீரியல் லைட் மாதிரி இடங்கள்தான் பிட்டை விழுங்கும், பத்தலைன்னா கட்டம் கட்டமா உடையும். ரெண்டு பாஸ் போட்டா ஐயர் மந்திரம் சொல்ற அசையாத ஷாட்ல மிச்சம் பிடிச்சு அங்க கொடுக்கும்.

ஆடியோ ஏசி3, 48 கிலோஹெர்ட்ஸ், 192 கிலோபிட். நாதஸ்வரம் கிழியாம உச்சம் மைனஸ் 3 டெசிபலுக்குள்ள இருக்கட்டும். முகம் நீண்டதுக்குக் காரணம் 16:9 கொடி (படம் அகலத்திரைன்னு பிளேயருக்குச் சொல்ற குறி) விழாததுதான். என்கோடர், டிவிடிஸ்டைலர் (மெனு போட்டு டிவிடியா அடுக்குற சாஃப்ட்வேர்) ரெண்டுலயும் 16:9 குடுங்க.

வண்ணாரப்பேட்டை_கேம்
ரொம்ப நன்றிண்ணே. சிக்கி நிக்கிறதும் பிட்ரேட்டாலயா? பர்மா பஜார்ல கட்டா வாங்கின டிஸ்க், 16 ஸ்பீடுல எழுதினேன். மேல பேப்பர் லேபிள் ஒட்டியிருக்கேன்.

பெரம்பூர்_டிஸ்க்
கடைசிப் பக்கம் மட்டும் சிக்குதுன்னா எனக்குச் சந்தேகம் டிஸ்க் மேலதான். டிவிடி உள்ளேயிருந்து வெளியே எழுதும், ஓரத்துலதான் பிழை அதிகம். லேபிள் கொஞ்சம் கோணலா ஒட்டினாலும் சுத்துறப்ப ஆடும், அதைப் பிய்க்கப் பார்க்காதீங்க. புது டிஸ்க்ல டிவிடி மார்க்கர்ல எழுதுங்க. இம்ஜ்பர்ன்ல (டிஸ்க் எழுதுற சாஃப்ட்வேர்) 8 ஸ்பீடு வெச்சு, எழுதினதும் வெரிஃபை (சரியா எழுதியிருக்கான்னு சரிபார்க்குறது) ஓட விடுங்க. மேக்ஸ்னு விடாதீங்க. பிளஸ் ஆரை விட டிவிடி மைனஸ் ஆர் பழைய பிளேயருக்கு ஒத்துப்போகும்.

வியாசை_கட்ஸ்
நலங்கை யாரும் கவனிக்கலை. போன் கிளிப்ல ஃபிரேம் ரேட் ஏறி இறங்கும், முதல்ல ஹேண்ட்பிரேக்குங்கிற கன்வர்ட்டர்ல கான்ஸ்டன்ட் 30-ஆ மாத்துங்க. 25 டைம்லைன்ல போட்டா ஆறுல ஒரு ஃபிரேம் விழுந்து நடை வெட்டி வெட்டி வரும். பேச்சு இல்லாத ஷாட்டா இருந்தா வேகத்தை 83.33 சதவீதமா குறைச்சு மேல பாட்டு போடுங்க. ஃபிரேமுக்கு ஃபிரேம் சரியா உட்காரும், லேசான ஸ்லோமோஷன்னே தோணும். பேசுற ஷாட்டுக்கு அந்த வெட்டைப் பொறுத்துக்கத்தான் வேணும்.

டிவிடியோட ஒரு பென்டிரைவும் குடுத்துடுங்க. இதுக்கு ஹெச்.264 சரி: டீஇன்டர்லேஸ் பண்ண 1080, நொடிக்கு 25 ஃபிரேம், ஹை புரொஃபைல், லெவல் 4.1, 5,000 கிலோபிட் பிட்ரேட், ஏஏசி ஆடியோ. 3.9 ஜிபிக்குள்ள அடங்கும், ஃபேட்32 ஃபார்மட் பென்டிரைவ்ல ஒரே ஃபைலா போடலாம். ஹெச்.265 வேணாம், பழைய டிவில படம் வராது.

ராயபுரம்_ரெண்டர்
ஒண்ணு விட்டுப்போச்சு. பொண்ணு மாப்பிள்ளை பேர் ஓரத்துல இருந்தா பழைய டியூப் டிவி வெட்டிடும், நாலு பக்கமும் 10 சதவீதம் உள்ளே தள்ளுங்க. முழுசா என்கோட் பண்றதுக்கு முன்னாடி மாலை மாத்துறது, அட்சதை, நலங்குன்னு மூணு நிமிஷத்தை மட்டும் எடுத்து ஒரு ரீரைட்டபிள் டிஸ்க்ல எழுதி, பெரியப்பா வீட்டு பிளேயர்லயே போட்டுப் பாருங்க.