பழைய ஹீலியம் லீக் டிடெக்டரை அலுமினியப் பூச்சு வேலைக்கு மாற்றலாமா?

பேட்டைக்காரர் (கேள்வி):
கழிவுப்பொருள் ஏலத்தில் எடுத்த ஒரு பழைய ஹீலியம் லீக் டிடெக்டர் (வெளியே ஊதும் ஹீலியம் உள்ளே புகுகிறதா என்று பார்த்து, வெற்றிடக் கலத்தின் ஒழுக்கைக் காட்டும் கருவி) என் பட்டறைக்கு வந்திருக்கிறது. காற்றை முதலில் இழுக்கும் ரோட்டரி பம்பு, சூடான எண்ணெய் ஆவியால் மிச்சக் காற்றையும் கீழே தள்ளும் சிறிய டிஃப்யூஷன் பம்பு, ஹீலியத்தைப் பிரித்துக் காட்டும், காந்தம் பொருத்திய ஸ்பெக்ட்ரோமீட்டர் குழாய் மூன்றும் உள்ளே இருக்கின்றன. தொலைநோக்கிக் கண்ணாடிக்கு வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் பூசும் சிறு கலத்தை, சோதிக்க வேண்டிய பொருளை மாட்டும் அதன் சோதனை வாயில் இணைத்துவிட்டு, ஸ்பெக்ட்ரோமீட்டரைக் கழற்றிப் போட்டுவிடலாமா?

வள்ளியூர் வாசகர்:
அண்ணாச்சி, ஸ்பானரை எடுப்பதற்கு முன், சோதனை வாயிலிருந்து கிளம்பும் குழாய் எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். மிகப் பழைய வகையில் அது, ஆவிகளை உறையவைத்துப் பிடிக்கும் திரவ நைட்ரஜன் பொறியைக் கடந்து, டிஃப்யூஷன் பம்பின் மேல்வாய்க்குச் செல்லும். அப்படியானால் உங்கள் திட்டம் சரி. பின்னால் வந்த எதிரோட்ட வகையிலோ சோதனை வாய் பம்பின் கீழ்ப்பக்கத்தில், அதாவது ரோட்டரி பம்பு இழுக்கும் குழாயில், இணைந்திருக்கும். எடை குறைந்த ஹீலியம் மட்டும் எண்ணெய் ஆவியை எதிர்த்து மேலேறி ஸ்பெக்ட்ரோமீட்டரை அடையும். அந்த வாயில் ரோட்டரி பம்பு தரும் வெற்றிடம்தான் கிடைக்கும். 10⁻² டார் (டார் என்பது வெற்றிடத்தை அளக்கும் அழுத்த அலகு) அழுத்தத்தில் ஆவியான அலுமினிய அணு ஒன்று அரை சென்டிமீட்டர் போவதற்குள் காற்று மூலக்கூறில் மோதிவிடும். 10⁻⁴ டாரில் அந்தத் தூரம் அரை மீட்டராகிவிடும். பூச்சு பளபளப்பாக விழ 10⁻⁴ டாருக்கும் கீழே போவதே நல்லது. ஆகவே எதிரோட்ட வகையானால், ஸ்பெக்ட்ரோமீட்டர் அமர்ந்திருக்கும் மேல்வாயில்தான் கலத்தை இணைக்க வேண்டும்.

அம்பாசமுத்திரம் வாசகர்:
மோட்டாரின் தகட்டில் 115 வோல்ட் என்று இருந்தால் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் இணைக்காதீர்கள். அதைவிட நம் பக்கத்து மின்வெட்டுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். ரோட்டரி பம்பு நின்றதும் அதன் வழியே காற்றும் எண்ணெயும் பின்னோக்கி ஏறும். சூடான டிஃப்யூஷன் எண்ணெயில் காற்று பட்டால் சாதாரண கனிம எண்ணெய் கருகிப் பிசினாகிவிடும். மின்சாரம் போனவுடன் தானே மூடிக்கொள்ளும் சோலனாய்டு வால்வு ஒன்றை இரண்டு பம்புகளுக்கும் இடையில் வையுங்கள். எண்ணெயையும் சிலிகோன் வகைக்கு மாற்றுங்கள், விலை கூடுதல் என்றாலும் காற்றைத் தாங்கும். உங்களுடையது பொறி வைத்த வகையானால், அதற்கு வேண்டிய திரவ நைட்ரஜன் நம் ஊருக்கு அந்நியமான பொருளன்று. மாடுகளுக்கான சினை ஊசிக் குச்சிகளை அதில்தான் வைத்திருக்கிறார்கள்.

வள்ளியூர் வாசகர்:
ஒன்று விட்டுப்போயிற்று. ஸ்பெக்ட்ரோமீட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் கலத்தின் ஒழுக்கைக் கண்டுபிடிக்க அதைவிடச் சிறந்த கருவி வேறில்லை. ஒரு டி வடிவ இணைப்பு வைத்தால் இரண்டும் ஒரே பம்பில் ஓடும். ஹீலியத்தை மட்டும் வாயுக் கடையில் கேட்டு வாங்குங்கள். ஆனித் தேரோட்டத்தில் பலூன் விற்பவரிடம் இருப்பது ஹைட்ரஜனாக இருக்கலாம்; ஹீலியத்தின் நிறை எண்ணான 4-க்குச் சரிசெய்யப்பட்ட அந்த ஸ்பெக்ட்ரோமீட்டர் குழாய் அதைக் கண்டுகொள்ளாது, பட்டறையில் எரியும் நெருப்போ உடனே கண்டுகொள்ளும்.